அது பாடத்துல இல்லயே டீச்சர்

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், ஜன்னலோரம் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் இருக்கிறான். அவன் தமிழ் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ல, ள, ழ மூன்றும் தடுமாறாது. காற்புள்ளிக்கு ஒரு மூச்சு நிற்பான். முற்றுப்புள்ளிக்குக் குரலை இறக்குவான். கடந்த ஜூலையில் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நானே எழுதிய நாலு வரியைக் கையில் கொடுத்து அவனை எழுந்து வாசிக்கச் சொன்னேன்.

பாட்டி குடையை மடக்கி வாசல் ஓரமாகச் சாய்த்தாள். சிமென்ட் தரையில் கோடாக நீர் ஓடியது. முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, “கொடியில கிடந்ததை எடுத்தியாடி?” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

பிசிறில்லாமல் வாசித்தான். வெளியே என்ன நடக்கிறது என்று கேட்டேன். தாளை மேலிருந்து கீழே ஒருமுறை விரல் வைத்துத் தேடினான். “அது பாடத்துல இல்லயே டீச்சர்” என்றான். சரி, கொடியில் என்ன கிடந்தது? “அதுவும் இல்ல டீச்சர்.” உள்ளே இருப்பவள் ஏன் பேசவில்லை? இதற்கு அவன் தாளைக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தவறு செய்துவிட்டோம், ஆனால் என்ன தவறு என்று தெரியவில்லை என்று நிற்கும் பிள்ளையின் முகம் அது. எனக்கு அது பழகிய முகம்.

வகுப்பில் அன்று 38 பேர். மழை என்று சொல்ல 9 கைகள் எழுந்தன. துணி என்று 4 பேர் சொன்னார்கள். துணியை எடுக்க மறந்துவிட்டாள், திட்டு விழும் என்று பேசாமல் இருக்கிறாள் என்பதை ஒரே ஒரு பெண் சொன்னாள். அதையும், சொல்லலாமா கூடாதா என்று என்னிடம் கேட்பதுபோலத்தான் சொன்னாள்.

அன்றைக்கே சாயங்காலம், கடைசிப் பீரியடு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்தப் பையன் புத்தகப் பையைக் கட்டத் தொடங்கினான். இன்னும் மணி அடிக்கவில்லையே என்றேன். “இன்னிக்கு சீக்கிரம் அடிச்சிருவாங்க டீச்சர். ஹெச்.எம். மீட்டிங் போயிட்டாரு.” யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. மதியத்திலிருந்து வேப்பமரத்தடியில் வண்டி இல்லை. சாப்பாட்டுக்குப் போயிருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பார். ஆபீஸ் அறைக் கதவு வெளியே தாழ் போட்டிருக்கிறது. போன மாசமும் இப்படித்தான் நடந்தது. நான்கு தடயங்களை ஒன்றோடொன்று கோத்து, யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். ஐந்து நிமிடம் முன்னதாகவே மணி அடித்தது.

குடை, ஈரத்தலை, கொடி என்று மூன்று தடயம் கையில் கொடுத்தும் மழையைச் சொல்லமுடியாத பிள்ளைதான் இவன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்டுகொள்ளும் அறிவு அவனிடம் இல்லை என்று சொல்ல இனி எனக்கு வழியில்லை. அச்சடித்த தாளுக்கு முன்னால் மட்டும் அந்த அறிவைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் 26 ஆண்டுகளாகத் தமிழாசிரியை. முதல் 9 ஆண்டுகள் நீலகிரியில் குந்தா பக்கம், பிறகு மாறுதல் கிடைத்துச் சொந்த மண்ணான மன்னார்குடிப் பக்கம். இந்தக் காலத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்: “பென்சில் எடுத்துக்குங்க. இந்த வரியிலேருந்து இந்த வரி வரைக்கும் அடைப்புக்குறி போடுங்க. பக்கத்துல ஒண்ணுன்னு எழுதுங்க. இதுதான் முதல் கேள்விக்கு விடை.” பெற்றோராக இருப்பவர்கள் பிள்ளையின் பழைய பாடப்புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உரைநடைப் பாடம் முழுக்க இந்தப் பென்சில் அடைப்புகள் இருக்கும். அடைப்புக்கு வெளியே இருக்கும் வரிகளை யாருமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை இப்படிப் பழகிய பிள்ளைக்கு, விடை என்பது ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒரு வரி. படிப்பது என்பது அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடுவது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. பிள்ளைகள் நன்றாகத்தானே மதிப்பெண் எடுக்கிறார்கள் என்றார் ஒருவர். நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன்: மிழவன் நேற்று மாலை தொரவியைச் சணட்டினான். அதனால் கெம்பிகள் இலுங்கின. பிறகு கேள்விகள். மிழவன் எதைச் சணட்டினான்? எப்போது சணட்டினான்? கெம்பிகள் ஏன் இலுங்கின? மூன்றுக்கும் யாராலும் விடை எழுத முடியும். மூன்றுக்கு மூன்று மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். ஆனால் ‘நேற்று மாலை’, ‘அதனால்’ தவிர அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, நான் அப்போது இட்டுக்கட்டிய சொற்கள் அவை. வேற்றுமை உருபும் காலம் காட்டும் இடைநிலையும் தெரிந்தால் போதும், ஒன்றும் புரியாமலேயே தமிழ்த் தேர்வில் பதில் எழுதலாம். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விக்குக்கூட எழுதலாம். பக்கத்து இருக்கைக் கணித ஆசிரியை அந்தத் தாளை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

எந்த எழுத்தும் பாதியைத்தான் சொல்லும். மீதியை வாசிப்பவர் கொண்டுவர வேண்டும். பாட்டி மழையில் நடந்து வந்தாள், அதனால் குடை நனைந்தது, நனைந்த குடையிலிருந்து நீர் ஒழுகியது, கொடியில் துணி உலர்ந்துகொண்டிருந்தது என்று அத்தனையும் எழுதினால் நாலு வரி நாற்பது வரியாகும். படிக்கவும் ஆள் இருக்காது. இந்த மீதியைக் கொண்டுவருவதைத்தான் உய்த்துணர்தல் என்கிறோம். முதலில் எழுத்தைப் படித்து, பிறகு பொருளைப் புரிந்து, அதெல்லாம் முடிந்தபின் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் ஏறும் மூன்றாவது மாடி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அமெரிக்காவில் 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஒரு சோதனையைப் படித்தபிறகுதான் எனக்குத் தெளிந்தது. நீரில் மிதக்கும் மரக்கட்டைமேல் மூன்று ஆமைகள் இருக்கின்றன, அந்த ஆமைகளுக்குக் கீழே ஒரு மீன் நீந்திப்போகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைச் சிலருக்குச் சொன்னார்கள். பிற்பாடு கேட்டபோது, மீன் மரக்கட்டைக்குக் கீழே போனதாகவே கேட்டோம் என்று பலர் சாதித்தார்கள். வாக்கியத்தில் அப்படி இல்லை. ஆனால் ஆமைகள் கட்டைமேல் இருந்தால் அவற்றுக்குக் கீழே போகும் மீன் கட்டைக்கும் கீழேதானே போயாக வேண்டும்? கேட்கும்போதே மனம் அந்தக் காட்சியைக் கட்டிவிட்டது. சொற்களைக் கீழே போட்டுவிட்டுக் காட்சியை வைத்துக்கொண்டது. புரிதல் என்று நாம் சொல்வது அந்தக் காட்சியைத்தான்.

காட்சி கட்டாமலேயே சொற்களைச் சரளமாக உச்சரிக்கும் பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்தில் ஜேன் ஓக்ஹில், கேட் கெய்ன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இவர்களைத்தான். வாய்விட்டு வாசிப்பதில் வயதுக்குரிய திறமை இருக்கும். வாசித்தது என்ன என்று கேட்டால் தடுமாறுவார்கள். யூல், ஓக்ஹில் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 7, 8 வயதுப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்குத் தடயம் தேடி உய்த்துணரும் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சொற்களை வேகமாக வாசிக்கும் பயிற்சி. முதல் குழுவின் புரிதல் தெளிவாக முன்னேறியது. நான் இங்கே நின்று யோசிப்பேன். நம் வீடுகளில் வாசிப்பு என்றால் இன்னும் சத்தம்தான். “நல்லா வாசிக்கிறான் டீச்சர், ராத்திரி தெருமுனை வரைக்கும் கேக்கும்” என்று பெருமையோடு சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளையின் தவிப்பைப் பார்த்தவள் நான். அந்தப் படியைத் தாண்டாமல் மேலே எதுவும் இல்லை. இரண்டாம் வகுப்புப் பத்தியை எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று ஏசர் அறிக்கை வரும்போது நாடே பேசுகிறது, பேச வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் இலக்கிலேயே ‘பொருள் புரிந்து’ என்ற சொற்கள் இருக்கின்றன. அந்த இரண்டு சொற்களை நாம் எப்படி அளக்கப்போகிறோம்?

தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு இதில் வருத்தம் கூடுதல். சொல்லாததைக் கண்டுகொள்ளும் கலையை இந்த மொழி ஓர் இடைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறது. ‘அவனும் வந்தான்’ என்றால் முன்பே இன்னொருவர் வந்துவிட்டார். எச்சவும்மை. தொல்காப்பியர் எச்சங்களைப் பத்தாகப் பிரித்து, குறிப்பெச்சத்துக்கு அதில் ஓர் இடம் கொடுத்தார். திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு வருவது குறிப்பறிதலுக்கு மட்டும்தான்: பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. இத்தனையும் வைத்துக்கொண்டு நான் எச்சவும்மையை எப்படி நடத்தினேன் என்றால், இலக்கணக் குறிப்பு வரைக, இரண்டு மதிப்பெண். சான்று ஒன்று மனப்பாடம். அந்த ‘உம்’மைக் கொண்டு ஒரு பத்தியில் என்ன நடந்தது என்று தேடலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

ஜூலைக்குப் பிறகு காட்டத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை நாலாவது பீரியடு. கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம். முதலில் எழுதியது இது:

இன்றாவது ரேஷன் கடை திறந்திருக்குமா என்று முணுமுணுத்தபடி அம்மா பையை எடுத்தாள்.

நேற்று என்ன நடந்தது என்று கேட்டேன். வழக்கம்போல, அது அங்கே இல்லையே டீச்சர் என்றார்கள். ‘இன்றாவது’ என்பதை அழித்துவிட்டு ‘இன்று’ என்று எழுதினேன். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்வரிசையில் ஒருத்தி, “இல்ல டீச்சர், ஆவது போட்டா நேத்தும் மூடியிருந்துச்சு” என்றாள். அதன்பின் வாயை மூட முடியவில்லை. முந்தாநாளும் போயிருப்பாள். ஒருவேளை நாலைந்து நாளாகவே போகிறாள். முணுமுணுக்கிறாள் என்றால் சலித்துப்போயிருக்கிறாள். வீட்டில் அரிசி அடிப்பானையில்தான் இருக்கும், இல்லாவிட்டால் இத்தனை நடை நடக்க மாட்டாள். வெறும் இலக்கணக் குறிப்பாகக் கிடந்த ‘ஆவது’ ஒரு வீட்டின் கதவைத் திறந்துவிட்டது. மணி அடித்தபிறகும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நாலு நாளா ஐந்து நாளா என்று.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தடயத்தைத் தேடு, சேர்த்துப் பார் என்று வெறும் வித்தையாக இதைச் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. குந்தாவில் இருந்தபோது ஊர் நினைப்பில் ஒரு வாக்கியம் எழுதிப் போட்டேன்: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் அப்பா அடகுக்கடைக்குப் புறப்பட்டார். அப்பா ஏன் அங்கே போகிறார்? “வெள்ளம் வந்து வீடு போயிருச்சு டீச்சர், பணம் வேணும்” என்றார்கள் மலைப் பிள்ளைகள். இவர்களுக்குப் புரியும் திறன் குறைவு என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இன்று அதை நினைத்தால் மனசு கூசுகிறது. மலையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் அது கெட்ட செய்திதான். தங்களுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் சரியாகவே உய்த்துணர்ந்தார்கள். அதே வாக்கியத்தை மன்னார்குடிப் பக்கம் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் கைகள் எழுந்தன. ஜூன் 12, மேட்டூர் திறப்பு, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள், குறுவைக்கு உழவு, விதை, ஆள்கூலி, அம்மாவின் தோடு. ஒரு பையன், “அறுப்பு முடிஞ்சதும் மீட்டுருவாங்க டீச்சர்” என்று எனக்குத் தைரியம் சொன்னான்.

பிறகு டெல்டாப் பிள்ளைகளுக்கு மலையிலிருந்து ஒன்று கொடுத்தேன். இரவு உறைபனி விழுந்த மறுநாள், தோட்டத்து வேலைக்குப் போன அம்மா சீக்கிரமே வீடு திரும்பினாள். “குளிருல உடம்புக்கு முடியல டீச்சர்” என்றார்கள். பனியில் கொழுந்து கருகிவிடும், கருகினால் பறிக்க ஒன்றும் இருக்காது, எடை இல்லையென்றால் கூலியும் இல்லை என்பது குந்தாப் பக்கத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இங்கே பத்தாம் வகுப்புக்கும் தெரியவில்லை.

ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988இல் இதையே பேஸ்பால் ஆட்டத்தை வைத்துச் சோதித்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேர். ஓர் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்து, படித்ததைப் பொம்மை மைதானத்தில் நடத்திக்காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய, ஆட்டம் தெரியாத பிள்ளைகளை மிஞ்சினார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியை வைத்துச் செய்தால் கடைசி பெஞ்சு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

15 வயது மாணவர்களுக்கான பிசா தேர்வின் 2009 சுற்றில், சற்றுப் பிந்திச் சேர்ந்தவர்களோடு தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியதாக மதிப்பிடப்பட்ட தமிழ்நாட்டு மாணவர்கள் 17 சதவீதம். அந்தத் தேர்வை நடத்தும் அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 81 சதவீதம். அதன்பின் இந்தியா விலகிக்கொண்டது. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு ஒட்டாதவை என்று காரணம் சொன்னார்கள். உறைபனியையும் ஆற்றுத் தண்ணீரையும் பார்த்தவள் என்ற முறையில் அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாதி உண்மை. கெய்னும் ஓக்ஹில்லும் வேறு சிலரும் 2001இல் இன்னொன்று செய்தார்கள். இல்லாத ஒரு கோளைப் பற்றிச் சில செய்திகளைப் புனைந்து, எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் சொல்லும்வரை கற்பித்தார்கள். அந்தக் கோளில் நடக்கும் கதையைப் பிறகு படித்துக்காட்டினார்கள். இப்போது எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். அப்போதும், புரிதலில் பின்தங்கிய பிள்ளைகள் தெரிந்ததைக் கதையோடு கோக்கத் தவறினார்கள். என் வகுப்பில் மழையைப் பார்க்காத பிள்ளையா இருந்தான்? கொடியில் துணி காயப்போடாத வீடா அவனுடையது? 29 பேருக்கு அன்று வராமல்போனது சூழல் ஒட்டாததால் அல்ல.

எதை வேண்டுமானாலும் நினைத்துச் சொல்வதும் உய்த்துணர்தல் ஆகாது. அடகுக்கடை வாக்கியத்தைப் பேசிய அன்று ஒரு பெண், “குடிக்கறதுக்கு டீச்சர்” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிப்பை அடக்கிவிட்டு, எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது என்று கேட்டேன். அதுதான் எங்கள் வெள்ளிக்கிழமை விதி; யார் எது சொன்னாலும் சொல்லைத் தொட்டுக்காட்ட வேண்டும். அவள் கரும்பலகையைப் பார்க்கவில்லை. “எங்க வீட்ல அப்படித்தான் டீச்சர்” என்றாள்.

அந்த நிமிடம் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. வாசிப்பவர் தன் வாழ்க்கையைக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்டதைத்தான் செய்தாள். ஆனால் அவள் கொண்டுவந்தது அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மூடிவிட்டது. தவறு என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவள் இனி வாய் திறக்க மாட்டாள். சரி என்று சொன்னால் அவள் தன் வீட்டை மட்டுமே படித்துக்கொண்டிருப்பாள், இந்த அப்பாவைப் பார்க்கவே மாட்டாள். அடகுக்கடைக்கு அப்படிப் போகிறவர்களும் உண்டு என்றேன். இந்த அப்பா எதைக் கேள்விப்பட்டதும் கிளம்பினார் என்று மட்டும் பார் என்றேன். அவள் கரும்பலகையை இரண்டு முறை படித்தாள். “ஆத்துல தண்ணி வந்துருச்சுன்னு… அப்ப நெல்லு வாங்கவா?” என்றாள். குரலில் ஓர் ஆச்சரியம் இருந்தது. அப்படியும் ஓர் அப்பா போகலாம் என்ற ஆச்சரியமோ என்னவோ. நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பீரியடால் மட்டும் இது ஆகாது என்று எனக்குத் தெரியும். வினாத்தாள் மாறாதவரை வகுப்பறை மாறாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்புதல் தேர்வு விடைத்தாள் என் கைக்கு வந்தது. உரைப்பத்தியில் ஒரு முதியவர் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறார். பேரன் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறான். முதியவர் ஏன் பனை நட்டார்? கரை அரிக்காமல் இருக்க என்பது விடைக்குறிப்பு. அந்த வரி பத்தியிலேயே இருந்தது. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: பனை காய்க்கப் பல வருஷம் ஆகும், அதுவரை தாத்தா இருக்க மாட்டார், பேரன் பெரியவன் ஆனதும் சாப்பிடுவான், அதனால்தான் அவனையும் கூட்டிக்கொண்டு போய் நட்டார். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். விடைக்குறிப்பில் இல்லை என்பதற்கு மேல் என்னிடம் காரணம் இருக்கவில்லை. அந்தப் பையைப் பிடித்திருந்த பேரன் பத்தியில் எதற்காக வருகிறான் என்று வகுப்பு முழுவதிலும் அந்த ஒரு பிள்ளைதான் யோசித்திருந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு உரைப்பத்திக்கும் கீழே, அப்படியே எடுத்தெழுத முடியாத ஒரு கேள்வி இருக்கட்டும். ஒன்று போதும். அதற்கு விடைக்குறிப்பு எழுதுபவர், ஒரே விடையை எழுதாமல், பத்தியிலிருந்து சான்று காட்டினால் ஏற்கலாம் என்று எழுதட்டும். திருத்துவதில் குழப்பம் வரும் என்பார்கள். வரும்தான். கணித ஆசிரியர் வழிமுறைக்கு மதிப்பெண் கொடுக்கப் பழகியதுபோல நாங்களும் சான்றுக்கு மதிப்பெண் கொடுக்கப் பழகுவோம். பொதுத்தேர்வு வரை காத்திருக்கவும் வேண்டாம். வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. செயல்பாடு என்ற பெயரில் சார்ட் ஒட்டும் நேரத்தில் பாதியை இதற்குத் தரலாம். டாஃபி ராஃபேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களிலேயே கேள்விகளை விடை கிடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்துக்காட்டினார். நான் அதைச் சுருக்கிச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன்: வரியில் இருக்கா? வரிகளைச் சேர்த்தா வருமா? வரியும் நீயும் சேர்ந்தா வருமா? பதில் சொல்வதற்கு முன் கேள்வி எந்த வகை என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். பாடத்துல இல்லயே என்ற வார்த்தை இப்போது குறைந்திருக்கிறது.

புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. தேன்சிட்டு இதழ் வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று வகை பிரித்து, கைக்கு அடக்கமாக, நல்ல படங்களோடு. என் பிள்ளைகள் அவற்றைப் பிடுங்கிப் படிக்கிறார்கள். படித்து முடித்ததும் எத்தனை புத்தகம் என்று பதிவேட்டில் எண்ணிக்கை எழுதிவிட்டு அடுத்ததைக் கொடுக்கிறோம். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர்களோடு பத்து நிமிடம் பேச நமக்கு நேரமில்லை. நூலக வேளை என்று கால அட்டவணையில் இருக்கும். அரையாண்டு நெருங்கும்போது அதைக் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ கொடுத்துவிடுவோம். நானே கொடுத்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தலைமையாசிரியர்களிடமும் அதிகாரிகளிடமும் கேட்கிறேன். பாடம் முழுவதையும் நடத்தி முடித்தாயா என்று கேட்பவர்கள், இந்த வாரம் எந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் பேசினார்கள் என்றும் கேட்கட்டும். சமூக அறிவியல், அறிவியல் ஆசிரியர்களும் இதில் பங்காளிகள்தான். பனியில் கொழுந்து கருகும் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தால்தான் அந்த அம்மா ஏன் திரும்பி வந்தாள் என்று என் வகுப்பில் புரியும்.

கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. அந்த ரேஷன் கடை வாக்கியத்தை எழுதிய வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது ஜன்னலோரப் பையன் ஒன்றும் பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடியபின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அழிப்பான் என் கையில் இருந்தது. அழிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

“அம்மா பையைத்தான எடுத்தாங்க டீச்சர்? கார்டு எடுக்கல.”

மறந்துவிட்டாளோ என்றேன்.

“இல்ல டீச்சர். கார்டு பைக்குள்ளயே கிடக்கு. தெனம் போறாங்கல்ல, வெளிய எடுத்து வைக்கவே இல்ல.”